ஜப்பான்காரர்களின் மிக்ஸியும் நம்ம ஊர் அரட்டையும்



"டீச்சர், நம்ம எட்டாம் வகுப்பு குரூப்பை வாட்ஸ்அப்பிலேர்ந்து அரட்டைக்கு மாத்திடலாமா?" என்று இதுவரை ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். குடும்பக் குரூப்பிலும் என் நாத்தனார் மகன் இதே கேள்வியைப் போட்டு, "அத்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான்.

ஒரு வரியில் பதில் போட்டால் பாதிப் பேருக்கு வருத்தம் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் கேள்வி எல்லாம் கேட்க மாட்டேன். ஒரே ஒரு வீட்டுப்பாடம் மட்டும் உண்டு.

முதலில் பெயர். 34 வருடம் வகுப்பில் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் எது என்று உங்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வீர்கள்: "அரட்டை அடிக்காதே." இன்று அதே பெயரில் ஒரு செயலி வந்து, வடநாட்டுக்காரர்கள் எல்லாம் அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று திணறுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே பெருமையும் வருகிறது.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. அரட்டையை உருவாக்கிய ஸோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு நம் தஞ்சைச் சீமையில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009இல் ஸோஹோ ஆனது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து, அவரும் அங்கேயே குடியேறினார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, தாங்களே பயிற்சி தந்து வேலையில் சேர்க்கும் பள்ளி ஒன்றையும் இருபது வருடங்களாக நடத்துகிறார்கள். ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அந்தப் பள்ளிதான் செயலியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அரட்டை வந்தது 2021இல். வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றப்போகிறது என்று எல்லாரும் கலங்கிய சமயம் அது. பிறகு நாலு வருடம் அமைதியாகவே இருந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் சுதேசிப் பேச்சு எழுந்ததும் மூன்றே நாளில் நிலைமை மாறியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில் 3,50,000 பேர் சேர்ந்தார்கள் என்று வேம்புவே எழுதினார். செயலிப் பட்டியலில் முதல் இடத்துக்கும் வந்தது. நீங்கள் எனக்கு லிங்க் அனுப்பியதும் அந்த வாரம்தான். நானும் இறக்கிக்கொண்டேன். எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன, பழைய போனிலும் ஓடுகிறது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே அது பட்டியலில் வேகமாக இறங்கிவிட்டது. சேர்ந்தவர்கள் திட்டி வெளியேறவில்லை. உள்ளே போய்ப் பார்த்தார்கள், தெரிந்தவர்கள் யாரும் இல்லை, திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

இதைப் பற்றி ஜப்பானில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "டீச்சர், இங்க இதே கதை இருபது வருஷம் முன்னாடியே நடந்தாச்சு. மிக்ஸின்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்றான். எனக்குத் தெரிந்த மிக்ஸி தேங்காய்ச் சட்னி அரைப்பது ஒன்றுதான். அவன் சொன்னது ஒரு சமூக வலைத்தளம். அதன் பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் கேள்விக்கு அதில் நல்ல பதில் இருப்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

கென்ஜி கசஹாரா என்பவர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கு ஒரு இணையதளம் நடத்தியவர். அவருடைய சிறிய நிறுவனத்தில் பத்தாரா எட்டோ என்ற இந்தோனேசிய இளைஞர் வேலை பார்த்தார். அவர் சொன்ன யோசனையில், அவரே எழுதிய நிரலில் 2004 தொடக்கத்தில் மிக்ஸி பிறந்தது. அதே வருடம் ஜனவரியில் ஆர்குட், பிப்ரவரியில் ஃபேஸ்புக். மூன்றும் ஒரே பருவத்தில் நட்ட நாற்று.

மிக்ஸியில் யாரும் நினைத்தவுடன் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் அழைக்க வேண்டும். 2010 வரை இதுதான் வழக்கம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் கல்யாணத்துக்குப் போவோம் என்கிற நம் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உள்ளே போனால் நாட்குறிப்பு எழுதலாம், நண்பர்கள் படிப்பார்கள். ஒரே விருப்பம் உள்ளவர்கள் குழு அமைக்கலாம். 2007இல் ஒரு கோடிப் பேர், 2010இல் இரண்டு கோடிப் பேர். ஜப்பானில் படித்த பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

அதில் ஒரு வசதி இருந்தது. பெயர் அஷியாத்தோ. காலடித் தடம் என்று அர்த்தம். உங்கள் பக்கத்தை யார் யார் வந்து பார்த்தார்கள் என்று பெயரோடு காட்டும். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை அரிசி மாவில் சின்னச் சின்னப் பாதம் வரைவோமே, அப்படி. முதலில் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது. நம் எழுத்தைப் படிக்க இத்தனை பேர் வந்தார்களா என்று சந்தோஷம். போகப் போக அதுவே பாரமாகிவிட்டது. வந்து படித்தது தெரிந்துவிட்டதே, ஒரு வார்த்தை எழுதாமல் போனால் தப்பாக நினைப்பார்களே என்று ஒவ்வொருவருக்கும் பயம். எழுதியவருக்கோ, வந்து பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லவில்லையே என்று மனத்தாங்கல். 'மிக்ஸி களைப்பு' என்று ஜப்பானிய மொழியில் இதற்கு ஒரு சொல்லே உண்டாகிவிட்டது.

உறவுகளே, சிரிக்காதீர்கள். "நீல டிக் விழுந்துடுச்சு, பதில் போடலை" என்று நம் குடும்பக் குரூப்பில் எத்தனை சண்டை நடந்திருக்கிறது?

பிறகு ட்விட்டர் வந்தது, ஃபேஸ்புக் வந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் பெரிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. தொலைபேசித் தொடர்புகள் தடுமாறின. அந்த வருடம் ஜூனில் லைன் என்ற செய்திச் செயலி வந்தது. ஸ்மார்ட்போன் கைக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கே போனார்கள். அதே காலத்தில் மிக்ஸி தன் காலடித் தட வசதியையும் மாற்றியது. பழகியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் கூட்டம் அதற்குள் கலையத் தொடங்கிவிட்டது. நாட்குறிப்பு எழுத ஆளில்லை, எழுதினால் படிக்க ஆளில்லை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மிக்ஸி ஜப்பானியர்களே நடத்திய நிறுவனம். அவர்கள் மொழியில், அவர்கள் மனசு தெரிந்து கட்டியது. தன் நாட்டுப் பொருளை ஜப்பான்காரர்கள் எவ்வளவு மதிப்பார்கள் என்று உலகத்துக்கே தெரியும். அப்படியும் இரண்டு கோடிப் பேரை அது தக்கவைக்க முடியவில்லை. ஏனென்றால் ஒருவர் அங்கே இருந்தது மிக்ஸிக்காக இல்லை, தன் சிநேகிதருக்காக. சிநேகிதர் கிளம்பினால் இவரும் கிளம்பிவிடுவார்.

நம் நாட்டிலும் பார்த்திருக்கிறோம். ஹைக் என்று ஒரு செய்திச் செயலி 2012இல் வந்து 2021இல் மூடியது. கூ என்று ட்விட்டருக்குப் போட்டியாக 2020இல் வந்தது, தமிழிலும் இருந்தது, 2024இல் மூடியது. இந்தியர்களும் பிரேசில்காரர்களும் குவிந்து கிடந்த ஆர்குட்டைக் கூகுள் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. உங்களில் சிலர் கல்லூரி நாட்களில் ஒருவருக்கொருவர் எழுதிய வாழ்த்தெல்லாம் அதில்தான் இருந்தது. எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். எத்தனை பேர் எடுத்து வைத்தீர்கள்?

மாயவரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஐப்பசி முழுவதும் துலாக்கட்டத்தில் நீராட எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். கடைசி நாள் கடைமுகத்துக்கு நிற்க இடம் இருக்காது. காவிரி குடகிலிருந்து பூம்புகார் வரை ஓடுகிறது. அவரவர் ஊர்ப் படித்துறையிலும் அதே தண்ணீர்தான். அப்படியும் ஏன் இங்கே வருகிறார்கள்? புண்ணியம் ஒரு காரணம். அம்மாவும் பாட்டியும் இங்கேதான் வந்தார்கள், எல்லாரும் இங்கேதான் வருவார்கள் என்பது இன்னொரு காரணம். பக்கத்தில் பளிங்கில் ஒரு புதுப் படித்துறை கட்டி, உடை மாற்றும் அறையும் கட்டிக் கொடுத்தாலும், கடைமுகத்தன்று கூட்டம் துலாக்கட்டத்துக்குத்தான் வரும். செயலிகள் விஷயமும் இதுதான். வசதியைப் பார்த்து வருகிறவர் சிலர். ஆட்களைப் பார்த்து வருகிறவர்தான் பலர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மாதம் நமக்குள்ளேயே ஒன்று நடந்தது. நம் வகுப்பு குரூப்பில் 43 பேர். அதில் 11 பேர் அரட்டையில் தனியாக ஒரு குரூப் தொடங்கி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். பழைய குரூப்பை எட்டிப் பார்ப்பது குறைந்துபோனது. அந்தச் சமயத்தில் நம் மாணவி ஒருத்தியின் அப்பா காலமானார். செய்தியைப் பழைய குரூப்பில்தான் போட்டார்கள். புது இடத்துக்குப் போனவர்களில் ஆறு பேருக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதில் ஒருவன் அந்தத் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கடை வைத்திருக்கிறவன். அவள் வீட்டில்தான் அவன் பள்ளிக்கூட நாட்களில் மத்தியானம் சாப்பிட்டிருக்கிறான். கேள்விப்பட்டு ஓடிப் போய் வாசலில் நின்று அழுதான். "யாரும் எனக்குச் சொல்லலையே டீச்சர்" என்றான்.

இதில் எந்தச் செயலி மேலும் குற்றமில்லை. எந்தப் பிள்ளை மேலும் குற்றமில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் இப்படி நடக்கத்தான் செய்யும்.

நம் குரூப் எதற்காக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை வணக்கம் ரோஜாப்பூவுக்காக இல்லை. ரத்தம் வேண்டும் என்று ஒருவர் கேட்டு ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் மருத்துவமனை வாசலில் நின்றார்களே, அதற்காக. ஒருத்தியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் எல்லாரும் ஆளுக்கு 500 போட்டோமே, அதற்காக. 43 பேரும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் அது நடந்தது. 32 பேர் ஓரிடம், 11 பேர் ஓரிடம் என்றால் நடக்காது.

அப்படியானால் அரட்டை வேண்டாம் என்கிறேனா? இல்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இலவசமாகத் தரும் எதையும், செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் வகுப்பில் சொல்வேன். வாட்ஸ்அப்பை 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுக்கத்தானே பார்ப்பார்கள்? மிக்ஸி விளம்பரத்தில் வாழ்ந்தது. கூட்டம் குறைந்ததும் வருமானமும் குறைந்தது. ஸோஹோ அப்படி இல்லை. கம்பெனிகளுக்குக் கணக்கு, அஞ்சல், வாடிக்கையாளர் விவரம் என்று மென்பொருள் விற்றுச் சம்பாதிக்கிறது. பங்குச் சந்தைக்கும் போகவில்லை. அந்த வருமானத்தில் அரட்டையை நடத்துகிறது. மளிகைக் கடைக்காரர் கோடையில் வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போல. நல்ல மனசுதான், நல்ல தண்ணீர்தான். ஆனால் தண்ணீர்ப் பந்தலை நம்பி யாரும் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிடுவதில்லை.

கடிதம் ரகசியமாக இருக்குமா என்றும் சிலர் கேட்டீர்கள். அஞ்சலட்டையை வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒட்டிய உறையை வாங்குகிறவர் மட்டுமே பிரிப்பார். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடத்தும் நிறுவனமே படிக்க முடியாத பூட்டு வாட்ஸ்அப்பில் 2016லிருந்து இருக்கிறது. அரட்டையில் முதலில் குரல், வீடியோ அழைப்புகளுக்கு மட்டும் இருந்தது. தனி உரையாடல்களுக்கு 2025 நவம்பரில் கொண்டுவந்தார்கள். விமர்சனத்தைக் கேட்டுச் சரிசெய்துகொண்டார்கள் என்பது நல்ல விஷயம். இந்தியர்களின் தகவல்கள் இந்தியாவிலேயே வைக்கப்படுகின்றன என்றும் நிறுவனம் சொல்கிறது.

இனி மிக்ஸி கதையின் மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த நிறுவனம் மூடிவிடவில்லை. 2013 அக்டோபரில் மான்ஸ்டர் ஸ்ட்ரைக் என்று ஒரு கைப்பேசி விளையாட்டைக் கொண்டுவந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் சேர்ந்து ஆடலாம். அது பெரும் வெற்றி பெற்று நிறுவனத்தைக் காப்பாற்றியது. கசஹாரா அதே வருடம் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். அவருக்குக் குழந்தை பிறந்தது. குழந்தையின் படங்களைத் தாத்தா பாட்டியோடு எப்படிப் பகிர்வது என்று யோசித்து 2015இல் மிட்டேனே என்ற செயலியைக் கொண்டுவந்தார். 'பாருங்களேன்' என்று அர்த்தம். வெளிநாடுகளில் ஃபேமிலி ஆல்பம் என்று பெயர். வீட்டார் அழைத்தவர்கள் மட்டுமே பார்க்கலாம். குழந்தைக்கு மூன்றாம் மாதம், நான்காம் மாதம் என்று படங்களை அதுவே அடுக்கி வைக்கும். வேண்டுமானால் புத்தகமாக அச்சிட்டும் தருவார்கள். இன்று உலகம் முழுவதும் 2 கோடிப் பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் மிக்ஸி2 என்று ஒரு புது வலைத்தளத்தையும் தொடங்கினார்கள். சில நாட்களில் பத்து லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

இரண்டு கோடிப் பேரைச் சேர்த்து வைத்த மனிதர் கடைசியில் எங்கே வந்து நின்றார் பாருங்கள். ஒரு குழந்தை, அதைப் பார்க்கத் துடிக்கும் ஒரு பாட்டி. அவ்வளவு சின்ன வட்டம்தான் கலையாமல் நிற்கும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அதிலும் படத்தை அச்சிட்டுக் கையில் கொடுப்பதற்கும் வழி வைத்திருக்கிறார்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். நான் யோசித்து வைத்திருப்பது இது.

ஒன்று. மாறுவதென்றால் 43 பேரும் சேர்ந்து மாறுவோம். ஒருவர் விட்டுப்போனாலும் மாற வேண்டாம். அதுவரை அரட்டையில் இருப்பவர்கள் தாராளமாக அங்கே பேசுங்கள். ஆனால் சாவு, நோய், ரத்தம், கல்யாணம் இந்த நான்கும் பழைய குரூப்பில் கட்டாயம் வர வேண்டும். அதை நாளுக்கு ஒரு முறையாவது எல்லாரும் பார்க்க வேண்டும்.

இரண்டு. பொங்கலுக்கு எப்படியும் பாதிப் பேர் ஊருக்கு வருவீர்கள். மாற ஆசைப்படுகிறவர்கள் மற்றவர்கள் வீட்டுக்குப் போய், போனை வாங்கி, நீங்களே இறக்கிக் கொடுங்கள். கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டும் தம்பியின் போனில் இடமே இல்லை. அவனுக்குப் பழைய வீடியோக்களை அழித்துக் கொடுங்கள். லிங்க் அனுப்பிவிட்டு "வரலையா" என்று கேட்பது உதவி ஆகாது.

மூன்று. எல்லாரும் வந்துவிட்டால் ஒரு தேதி குறித்து மாறுவோம். அதன் பிறகும் பழைய குரூப்பை ஒரு மாதம் திறந்தே வைப்போம். கடைமுகத்துக்கு வர முடியாத முடவனுக்காக ஈசன் இன்னும் ஒரு நாள் கொடுத்தார் என்று கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு வைத்திருக்கும் ஊர் இது. பின்தங்கி வருகிறவருக்காகக் காத்திருப்பது நமக்குப் புதிதில்லை.

நான்கு. இதுதான் வீட்டுப்பாடம். நான் ஒரு நீளநோட்டு வாங்கி, பழைய வருகைப் பதிவேடு போலவே கோடு போட்டு வைத்திருக்கிறேன். பெயர், இப்போதைய முகவரி, உங்கள் எண், வீட்டில் இன்னொருவர் எண். பட்டன் போன் வைத்திருக்கும் இருவருக்கு யார் போன் செய்து சொல்வது என்பதும் அதில் இருக்கும். நமது வகுப்புப் படத்தையும் அச்சிட்டு முதல் பக்கத்தில் ஒட்டியாகிவிட்டது. எந்தச் செயலி வந்தாலும், எது மூடினாலும் அந்த நோட்டு அலமாரியில் இருக்கும். அதன் நகல் ஒன்று கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் நம் பையனிடமும் இருக்கும்.

இதுவரை 19 பேர் விவரம் கொடுத்திருக்கிறீர்கள். மீதி 24 பேர் பொங்கலுக்குள் கொடுத்துவிடுங்கள். இங்கே கீழே எழுத வேண்டாம், எண்ணை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. எனக்குத் தனியாக அனுப்புங்கள். போன் செய்தும் சொல்லலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மயிலாடுதுறை